என்னைத் தெரிகிறதா?

பெங்களூரு அல்சூர் பகுதியில் ஒரு தமிழ்க் குடும்பம். எண்பதை நெருங்கும் மூதாட்டி ஒருவர் கூடத்தில் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையாதலால் உறவினர் சிலர் வருகின்றனர். செருப்பைக் கழற்றியதும் கழற்றாததுமாக ஒருவர் கேட்கிறார்: "அத்தை, என்னைத் தெரிகிறதா? நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்!"

மூதாட்டி புன்னகை செய்கிறார். "தெரியாமல் என்ன? உட்காரு, காபி சாப்பிடு" என்கிறார். வந்தவர் விடுவதாக இல்லை. "அப்படியானால் பெயரைச் சொல்லுங்கள்" என்கிறார். புன்னகை மெல்ல மறைகிறது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடி அவர் மருமகளின் முகத்தைப் பார்க்கிறார். சுற்றியிருப்போர் சிரிக்கின்றனர், அன்பாகத்தான் சிரிக்கின்றனர். ஆனால் அன்று மாலைவரை அந்த மூதாட்டி எவரிடமும் பேசுவதில்லை.

இது ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடப்பதன்று. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் மேற்பட்டோர், அதாவது சுமார் 88 இலட்சம் பேர், டிமென்ஷியா எனப்படும் மறதி நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது மிகுதி என்றும் அது கண்டது. இவர்களில் பெரும்பாலோர் மருத்துவரிடம் அழைத்துச் செல்லப்படுவதே இல்லை. "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்ற ஒரு வாக்கியத்தோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

அறுபதும் மறதியும்

கன்னடத்தில் 'அரளு மரளு' என்றொரு வழக்கு உண்டு. அறுபது வயதானால் புத்தி தடுமாறும் என்பது அதன் கருத்து. இலங்கைத் தமிழர் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பர். இந்தியிலோ 'அறுபதாகிவிட்டது' என்ற பொருள் தரும் சொல்லே தடுமாற்றத்தையும் குறிக்கிறது. இப்படிப் பல மொழிகளும் முதுமையையும் மறதியையும் ஒரே முடிச்சில் கட்டியுள்ளன. அந்த முடிச்சை அவிழ்ப்பதே இந்தப் பாடத்தின் முதல் வேலை.

வயது ஏறும்போது நினைவு சற்று மந்தமாவது இயல்பு. பெயர்கள் நாக்கு நுனியில் நிற்கும். சற்று நேரம் கழித்து வந்துவிடும். மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேட நேரும். புதிய கைபேசியைக் கற்க இளையவர்களைவிட அதிக நாள் ஆகும். இவையெல்லாம் நோயல்ல. ஆனால் நாற்பது ஆண்டுகளாகக் காந்தி பஜாருக்கு நடந்து சென்று காய்கறி வாங்கிய ஒருவர், ஒருநாள் வீடு திரும்பும் வழி தெரியாமல் தெரு முனையில் நின்றுவிட்டால் அது இயல்பன்று. ஐம்பது ஆண்டுகள் டிகாக்‌ஷன் இறக்கிய கை, பில்டரின் எந்தப் பாகத்தில் பொடி போடுவது என்று தயங்குமானால் அது கவனிக்கத்தக்கது. கணக்கில் கெட்டிக்காரராயிருந்த ஒருவர் பால்காரருக்கு ஒரே மாதத்தில் மூன்று முறை பணம் கொடுத்துவிட்டு, கேட்டவர்மீது கோபம் கொள்வாரானால் அதுவும் அப்படித்தான். எதை மறக்கிறார் என்பதைவிட, அந்த மறதி அன்றாட வாழ்வைக் குலைக்கிறதா என்பதே கேள்வி. முன்பிருந்த நிலையிலிருந்து அவர் மாறியிருக்கிறாரா என்பதை வீட்டாரே அறிவர். எந்தக் கருவியும் அதை அவர்களைப்போல் சொல்லாது.

கையில் ஏந்திய மூளை

பெங்களூரு ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற தேசிய மனநல, நரம்பியல் நிறுவனத்தில் ஒரு விசித்திரமான அருங்காட்சியகம் உண்டு. அங்கு மனித மூளைகள் கண்ணாடிப் பேழைகளில் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. பள்ளி மாணவர்களும் பொதுமக்களும் வந்து பார்க்கின்றனர். உண்மையான மூளையைத் தொட்டுப் பார்க்கவும் வாய்ப்பளிக்கப்படுகிறது. டாக்டர் எஸ். கே. சங்கர் அவர்களின் முயற்சியால் 1995-இல் இங்கே மூளை வங்கி ஒன்றும் தொடங்கப்பட்டது. இறந்தோரின் குடும்பத்தினர் மனமுவந்து தானமாக அளித்த மூளைகள் அங்கே ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்கப்படுகின்றன. கண் தானத்தை அறிந்த நம் மக்களுள் மூளை தானத்தை அறிந்தோர் மிகச் சிலரே.

கையில் ஏந்தினால் அது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் ஓய்வாயிருக்கையிலும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அதில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. காதுக்கு நேராக உள்ளே, இருபுறமும், கடற்குதிரை போல் வளைந்த சிறு பகுதி ஒன்று இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்பது அதன் பெயர். கிரேக்க மொழியில் கடற்குதிரை என்றே பொருள். இன்று காலை என்ன சாப்பிட்டோம், நேற்று யார் வந்தார் என்பன போன்ற புதிய நினைவுகள் பதிவதற்கு இது இன்றியமையாதது.

மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்ஸைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்ஸைமர் 1901-இல் பிராங்க்பர்ட் மருத்துவமனையில் 51 வயதான ஒரு பெண்மணியைக் கண்டார். தம் பெயரை எழுதச் சொன்னால்கூட அவரால் எழுதி முடிக்க இயலவில்லை. தம்மையே தாம் தொலைத்துவிட்டதாக அவர் சொல்வாராம். 1906-இல் அவர் இறந்தபின் அவரது மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்த அல்ஸைமர், நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த ஒருவகைப் படிவையும், உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளையும் கண்டு, அவ்வாண்டிலேயே அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். அமிலாய்ட், டாவ் என்ற இருவகைப் புரதங்களே அவை என்பது பின்னாளில் தெரிந்தது. மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் படிவு தொடங்கிவிடுகிறது என்பது இன்றைய அறிவு. எழுபத்தைந்தில் மறப்பவரின் நோய் ஐம்பத்தைந்திலேயே ஓசையின்றிப் புறப்பட்டிருக்கலாம்.

பொதுவாக ஹிப்போகாம்பஸும் அதை ஒட்டிய பகுதிகளும் முதலில் பாதிக்கப்படுகின்றன. ஆகவேதான் காலையில் சாப்பிட்டதை மறந்தவர், தம் திருமணத்தில் யார் நாகஸ்வரம் வாசித்தார் என்பதைச் சொல்கிறார். இது தெரியாத வீட்டார், "பழையதெல்லாம் நினைவிருக்கிறது, இது மட்டும் எப்படி மறக்கும்? வேண்டுமென்றே செய்கிறார்" என்று குறைப்பட்டுக்கொள்கின்றனர். எத்தனையோ வீடுகளில் மாமியார் மருமகள் மனத்தாங்கலாகக் கருதப்பட்டது, உண்மையில் இந்தக் கடற்குதிரையின் நலிவுதான்.

மறதி எல்லாம் அல்ஸைமர் அன்று

இது வீட்டாருக்கு மிகவும் பயன்படக்கூடிய செய்தியாதலால் சற்று விரிவாகக் காண்பது தகும். மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதாலும் மறதி நோய் வரும். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் மலிந்த நம் நாட்டில் இந்த வகை குறைவன்று. இவற்றைத் தவிர, சிகிச்சையால் சீராகக்கூடிய மறதிகளும் உண்டு. அவற்றைத்தான் 'வயதாகிவிட்டது' என்ற சொல் மறைத்துவிடுகிறது.

பி12 வைட்டமின் குறைபாடு அவற்றுள் ஒன்று. இந்த வைட்டமின் தாவர உணவுகளில் இல்லை; சைவ உணவு உண்போருக்குப் பாலும் தயிருமே ஆதாரம். முதுமையில் வயிறு இதை உறிஞ்சுவதும் குறைகிறது. சர்க்கரைக்காக மெட்பார்மின் மாத்திரையோ, நெஞ்செரிச்சலுக்காக அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோ பல ஆண்டுகள் உட்கொள்வோரிடம் மேலும் குறைகிறது. தூய சைவ உணவில் பெருமை கொள்ளும் குடும்பங்கள் இந்த ஓர் இரத்தப் பரிசோதனையை மறக்கலாகாது. ஆகாரத் தூய்மை சித்தத்தைத் தெளிவாக்கும் என்பது உண்மையாயினும், பி12-இன் வேலையை அது செய்துவிடாது.

தைராய்டு சுரப்புக் குறைவும் மனத்தை மந்தமாக்கும். மனச்சோர்வு மறதி போலவே வேடமிடும். கணவரையோ மனைவியையோ இழந்தபின் ஓராண்டில் தொடங்கிய மறதியை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். தூக்க மாத்திரைகள், ஒவ்வாமைக்கான சில பழைய மாத்திரைகள், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் சில மருந்துகள் ஆகியவை முதியவர்களின் நினைவைக் கலக்கும். குளியலறையில் லேசாக வழுக்கி விழுந்தவருக்கு, சில வாரங்கள் கழித்துக் குழப்பம் தோன்றினால், மண்டையோட்டுக்குள் மெல்லக் கசிந்த இரத்தம் காரணமாக இருக்கலாம். நடை தடுமாறி, சிறுநீரும் கட்டுப்படாமல், மறதியும் சேர்ந்து வந்தால் மூளைக்குள் நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பர். அதற்கு அறுவைச் சிகிச்சை உண்டு. நேற்றுவரை தெளிவாயிருந்தவர் இன்று திடீரென உளறினால் அது மறதி நோயே அன்று. பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், உப்புச் சத்துக் குறைவு போன்றவற்றால் வரும் அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

நான்கு மொழிகளின் நகரம்

பெங்களூரு வாழ் தமிழர் ஒருவரின் ஒருநாளை எண்ணிப் பாருங்கள். வீட்டில் தமிழ், பேருந்தில் கன்னடம், எதிர்வீட்டாரிடம் தெலுங்கு, பணியிலிருந்த காலத்தில் தொழிற்சாலையில் ஆங்கிலம். ஒரு மொழியைப் பேசும்போது மற்ற மூன்றையும் மூளை அடக்கி வைத்திருக்கிறது; ஆளைக் கண்டதும் நொடியில் மாறிக்கொள்கிறது. எவரும் பயிற்சி என்று எண்ணாத பயிற்சி இது.

இதன் பயன் என்ன என்பதை டாக்டர் சுவர்ணா அல்லாடியும் அவருடன் பணியாற்றியோரும் ஹைதராபாத் நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் ஆராய்ந்தனர். மறதி நோயுற்ற 648 பேரை அவர்கள் ஒப்பிட்டனர். ஒரே மொழி அறிந்தோரைவிட, இரண்டோ அதற்கு மேலோ மொழிகள் பேசியோருக்கு நோய் நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியதை 2013-இல் வெளியிட்டனர். படிப்பின் விளைவாக இது இருக்கலாமே என்ற ஐயத்துக்கும் அங்கே விடை கிடைத்தது: எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்தத் தாமதம் காணப்பட்டது. மேலை நாடுகளில் இதை ஆராய்வது கடினம். அங்கே இருமொழி அறிந்தோர் பலரும் குடியேறியவர்களாகவோ அதிகம் கற்றவர்களாகவோ இருப்பர். சந்தையிலேயே இரண்டு மொழி கற்றுக்கொள்ளும் நம் நாடு இந்த வினாவுக்கு ஏற்ற களமாயிற்று. இரண்டுக்கு மேல் எத்தனை மொழி கற்றாலும் கூடுதல் பயன் காணப்படவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. டாக்டர் அல்லாடி பின்னர் நிம்ஹான்ஸில் பேராசிரியரானார்.

தாமதம் என்பது தடுப்பு ஆகாது. மங்களூரில் பிறந்து, பதினாறு வயதில் பாதிரியார் பயிற்சிக்காகப் பெங்களூரு வந்து, பின்னர் தொழிற்சங்கத் தலைவராகவும் மத்திய அமைச்சராகவும் விளங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸ் கொங்கணி, துளு, கன்னடம், மராத்தி, இந்தி, தமிழ் உட்படப் பத்து மொழிகளை அறிந்தவர் என்பர். அவரையும் அல்ஸைமர் நோய் பற்றியது. பல்லாயிரம் தொழிலாளர்கள்முன் முழங்கிய அவர், இறுதி ஆண்டுகளைப் பொதுவாழ்வில் இருந்து முற்றிலும் விலகிய மௌனத்தில் கழித்து 2019 ஜனவரி 29 அன்று மறைந்தார்.

மொழியைப் பற்றி வீட்டார் அறிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. நோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழிகள் பலரிடம் முதலில் நழுவுகின்றன. தாய்மொழி கடைசிவரை தங்குகிறது. பெங்களூரு வீடுகளில் இதன் விளைவு வேதனை தருவது. தாத்தா தம் பிள்ளைப் பருவத்துத் தமிழுக்குத் திரும்புகிறார். ஆங்கிலமும் கன்னடமும் மட்டுமே அறிந்த பேரக்குழந்தைக்கு அவர் சொல்வது புரிவதில்லை. "தண்ணீர்", "வலி", "பயம்" என்ற சொற்களையாவது குழந்தை கற்றிருக்கலாம்.

சீனிவாசபுரத்து மாந்தோப்புகள்

பெங்களூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், கோலார் மாவட்டத்தில், மாம்பழத்துக்குப் பெயர் பெற்ற சீனிவாசபுரம் வட்டம் இருக்கிறது. இந்திய அறிவியல் கழக வளாகத்தில் அமைந்த மூளை ஆராய்ச்சி மையம் 2018 முதல் இங்குள்ள கிராமத்தாரிடையே ஒரு நெடுங்கால ஆய்வை நடத்தி வருகிறது. 45 வயதைக் கடந்த பத்தாயிரம் பேரைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து, அவர்களின் நினைவாற்றல், இரத்தம், மரபணு, செவி, பார்வை, நடை அனைத்தையும் கவனிப்பது நோக்கம். மையத்தின் தொடக்கத்துக்குக் காரணமானவர் பேராசிரியை விஜயலட்சுமி ரவீந்திரநாத். பெங்களூரு நகரத்தாரிடையேயும் இதுபோன்ற ஓர் இணை ஆய்வு நடைபெறுகிறது.

இதற்கு ஏன் இத்தனை பாடு? மறதி நோயைப் பற்றிய அறிவின் பெரும்பகுதி ஐரோப்பிய, அமெரிக்க மக்களை ஆராய்ந்து பெற்றது. கேட்கும் கேள்விகள்கூட அங்கிருந்தே வந்தன. பள்ளிக்கூடம் செல்லாத ஒரு விவசாயியிடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் அவர் விழிப்பார். ஒரு வாக்கியம் எழுதச் சொன்னாலும் அப்படியே. அவருக்கு நோய் என்று தாளில் எழுதிவிடலாம். ஆனால் எந்த மரத்தில் எந்த ஆண்டு எத்தனை கூடை காய்த்தது என்று கேட்டால் தடையின்றிச் சொல்வார். ஆகவே நம் மக்களுக்கேற்ற சோதனைகள் தேவைப்பட்டன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளில் அத்தகைய சோதனைத் தொகுப்பை முதலில் உருவாக்கி, படிப்பறிவில்லாதோருக்கும் பொருந்துமாறு அமைத்தது.

துறவியரின் மடமும் வேத பாடசாலையும்

அமெரிக்காவில் 1986-இல் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் கத்தோலிக்கக் கன்னித் துறவியர் 678 பேரிடையே ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஒரே உணவு, ஒரே உறைவிடம், ஒரே ஒழுங்கு. ஆகவே வேறுபாடுகளின் காரணத்தைக் காண்பது எளிது. அவர்கள் அனைவரும் இறந்தபின் தம் மூளையைத் தர இசைந்தனர். அவர்களுள் மேரி என்ற சகோதரி 101 வயதுவரை தெளிவாக வாழ்ந்து, சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றவர். ஆனால் அவரது மூளையை ஆராய்ந்தபோது அல்ஸைமர் நோயின் படிவுகளும் முறுக்கிழைகளும் நிறைய இருந்தன! நோயின் அடையாளம் இருந்தது, நோய் வெளிப்படவில்லை. வாழ்நாள் முழுதும் கற்றும் கற்பித்தும் உழைத்த மூளையில் ஒரு சேமிப்பு இருக்கிறது, சேதம் வந்தாலும் அது ஈடுகொடுக்கிறது என்ற கருத்துக்கு இத்தகைய சான்றுகள் வலுச் சேர்த்தன.

நம் நாட்டில் வேதம் ஓதும் பண்டிதர்கள் 21 பேரின் மூளையைப் படமெடுத்து, அவர்களை ஒத்த மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. சொல், ஒலி, நினைவு தொடர்பான பல பகுதிகளில் பண்டிதர்களின் மூளைப் புறணி அடர்த்தியாயிருந்தது. இது உடனே, 'மந்திரம் ஓதினால் மறதி நோய் வராது' என்று கைபேசிச் செய்தியாக ஊர் ஊராகப் பரவியது. ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. பல்லாண்டுப் பயிற்சி மூளையின் அமைப்போடு தொடர்புடையது என்றுதான் அது காட்டியது. உண்மை தானே போதுமான அளவு அழகாயிருக்கையில் அதற்கு மிகைப்பூச்சு பூசுவது நம்மவரின் பழைய பலவீனம்.

செய்யத்தக்கவை

மறதி நோயைத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. அமிலாய்டை அகற்றும் மருந்துகள் இரண்டு அமெரிக்காவில் 2023, 2024 ஆண்டுகளில் முழு அனுமதி பெற்றன. அவை தொடக்க நிலையில் உள்ளோரிடம் சரிவைச் சற்று மெதுவாக்குகின்றன; மூளையில் வீக்கம், இரத்தக் கசிவு ஆகிய அபாயங்களும் அவற்றுக்கு உண்டு. ஆனால் தவிர்க்கத்தக்கது நிறைய இருக்கிறது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024-இல் பதினான்கு காரணிகளைக் கூறி, அவற்றை எல்லாம் நீக்க முடிந்தால் உலகின் மறதி நோயில் 45 விழுக்காடுவரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று கணித்தது. உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, உடல் பருமன், புகை, மது, உடலுழைப்பின்மை, காற்று மாசு என்பன எதிர்பார்த்தவை. தனிமை, மனச்சோர்வு, இளமையில் கல்வியின்மை ஆகியவையும் பட்டியலில் உண்டு. மிகுந்த பங்குடையவற்றுள் செவித்திறன் குறைவும் ஒன்று என்பது பலரை வியக்க வைக்கும். காது கேட்காதவர் பேச்சிலிருந்து விலகுகிறார். விலகியவர் மூளைக்கு வேலை குறைகிறது. மூக்குக்கண்ணாடியை மறுக்காத நாம் காதுக்கருவியை ஏனோ அவமானமாகக் கருதுகிறோம்.

தலைக்காயமும் ஒரு காரணி. பெங்களூரின் போக்குவரத்தில் இருசக்கர வாகனம் ஓட்டும் இருபது வயது இளைஞனின் ஹெல்மெட், அவனது எழுபதாம் வயதின் நினைவையும் சேர்த்தே காக்கிறது.

நடைப்பயிற்சியைப் பற்றி ஒரு சொல். முதியோர் 120 பேரிடம் அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம்வரை, ஓராண்டு விறுவிறுப்பாக நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் இரண்டு விழுக்காடு வளர்ந்திருந்தது. தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தோருக்கு அது சுருங்கியிருந்தது. லால்பாக்கில் விடியற்காலையில் நடப்போர் நடந்து முடித்ததும் வாயிலருகே கூடி நின்று அரசியல் பேசுவது வழக்கம். அந்த அரட்டையும் மருந்தில் சேர்த்திதான்.

நோயின் தொடக்கத்திலேயே ஆற்ற வேண்டிய உலகியல் கடமை ஒன்று உண்டு. உயில் எழுதுவதற்குத் தெளிந்த மனம் தேவை என்பது சட்டம். தாம் அளித்த பொது அதிகாரப் பத்திரமும், அளித்தவர் மனத்தெளிவை இழந்தால் நம் நாட்டுச் சட்டப்படி செல்லாததாகிவிடும். பேசக் கூச்சமான இந்த விஷயங்களைத் தாய் தந்தையர் தெளிவாயிருக்கும்போதே அவர்களையே கேட்டு முடித்துவிடுவது, பிற்காலத்தில் அவர்களின் விருப்பத்தைக் காப்பதாகும்.

நினைவு போனால் ஆள் போனாரா?

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவஞானி ஜான் லாக், நேற்றைய நானும் இன்றைய நானும் ஒருவனே என்பதற்கு அந்நேற்றைய அனுபவத்தை இன்று உணர முடிவதே ஆதாரம் என்று வாதித்தார். அதை அப்படியே ஏற்றால், நினைவை இழந்த மூதாட்டி நாற்காலியில் அமர்ந்திருக்கும் வேறொருவர் ஆகிவிடுவார். வீட்டிலும் சிலர் தம்மையறியாமல் இப்படித்தான் பேசுகின்றனர்: "அம்மா எப்போதோ போய்விட்டார், இது வெறும் உடம்பு."

இந்தியச் சிந்தனை நினைவுக்கு வேறோர் இடம் தந்தது. பதஞ்சலி ஸ்மிருதியைச் சித்தத்தின் ஐந்து விருத்திகளுள் ஒன்றாக எண்ணினார். எழுந்து அடங்கும் அலை அது. அலையைக் காண்பவன் வேறு. வேதாந்திகள் ஆழ்ந்த உறக்கத்தை எடுத்துக்காட்டுவர்: அங்கே பெயர் இல்லை, ஊர் இல்லை, உறவு இல்லை, எனினும் உறங்கியவன் இல்லாமற் போகவில்லை.

இதை வெறும் சாத்திர வாதம் என்று தள்ளிவிட வேண்டியதில்லை. நரம்பியலும் ஒரு விந்தையைக் காட்டுகிறது. 1953-இல் அமெரிக்க இளைஞர் ஒருவருக்கு வலிப்பு நோய்க்காக இருபக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டது. ஹென்றி மோலைசன் என்ற அவர் 2008-இல் இறக்கும்வரை புதிய நினைவு எதையும் தக்கவைக்க இயலாதவராய் வாழ்ந்தார். பிரெண்டா மில்னர் என்ற அறிஞர் அவரிடம், கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்தபடி நட்சத்திர வடிவைக் கோடிழுக்கச் சொன்னார். ஒவ்வொரு நாளும் அவர் இதைத் தாம் செய்ததே இல்லை என்றார். ஆனால் நாளுக்கு நாள் அவரது கை தேர்ச்சி பெற்றது! ஸம்ஸ்காரத்திலிருந்து ஸ்மிருதி பிறக்கும் என்பது நியாய நூலோரின் கொள்கை. இங்கேயோ ஸ்மிருதி எழாமலே ஸம்ஸ்காரம் வேலை செய்கிறது. பேரன் பெயரை மறந்த பாட்டி, சிறுவயதில் கற்ற பாடலை ஒரு சொல் பிசகாமல் பாடுவதும், விளக்கின்முன் கை தானே குவிவதும் இந்த வழியில்தான்.

உணர்ச்சியைப் பற்றிய ஆய்வு இன்னும் நெருக்கமானது. ஹிப்போகாம்பஸ் பாதிக்கப்பட்ட நோயாளிகள் சிலருக்கு அமெரிக்காவின் அயோவாவில் சோகமான திரைக்காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினர். சில நிமிடங்களில் காட்சி மறந்துபோயிற்று. சோகமும் மகிழ்ச்சியும் மறையவில்லை. 2010-இல் இது வெளிவந்தது. அல்ஸைமர் நோயுற்றோரிடமும் அவ்வாறே என்பதை 2014-இல் கண்டனர். ஏன் துக்கமாயிருக்கிறோம் என்று தெரியாமலே அவர்கள் துக்கத்தில் இருந்தனர்.

அல்சூர் மூதாட்டி அன்று மாலைவரை பேசாதிருந்ததன் காரணம் இதுவாகலாம். யார் கேட்டார், என்ன கேட்டார் என்பது காபி ஆறுவதற்குள் அவருக்கு மறந்திருக்கும். தோற்றுப்போனோம் என்ற உணர்வு மறந்திராது.

ஆகவே இந்நோயாளிகளைப் பராமரிப்போர்க்குப் பயிற்சி தருவோர், தேர்வு வைக்காதீர்கள் என்கின்றனர். 1992-இல் கேரளத்தில் தோன்றி நாடெங்கும் கிளைகள் பரப்பிய இந்திய அல்ஸைமர் சங்கம், பெங்களூரு நைட்டிங்கேல்ஸ் அறக்கட்டளை, சென்னை ஸ்கார்ப் நிறுவனம் ஆகியவை இத்தகைய குடும்பங்களுக்கு வழிகாட்டுகின்றன. முதியோருக்கான 14567 என்ற தேசிய உதவி எண்ணும் உண்டு. அவர்கள் தரும் அறிவுரைகள் எளியவை: எதிரே, கண்மட்டத்தில் அமர்ந்து பேச வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு செய்தி, தவறைத் திருத்தி வாதிடலாகாது. இறந்துபோன கணவர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டால், அவர் இறந்த செய்தியை ஒவ்வொரு முறையும் புதிதாக அறிவித்து, ஒவ்வொரு முறையும் புதிதாக அழவைக்க வேண்டாம், "அவர் உங்களை எப்படி அழைப்பார்?" என்று கேட்கலாம். பராமரிப்பவருக்கும் ஓய்வு வேண்டும். பெரும்பாலும் ஒரே ஒரு மருமகளோ மகளோ இரவும் பகலும் சுமக்கிறாள். மாதம் ஒருமுறை வந்து ஆலோசனை சொல்லும் உறவினர், அதற்குப் பதில் ஒருநாள் முழுதும் உடனிருந்து அவளை வெளியே அனுப்பலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அதே கூடம். வந்தவர் நாற்காலியருகே தரையில் அமர்ந்து, மூதாட்டியின் கையைப் பற்றிக்கொள்கிறார். "அத்தை, நான் உங்கள் தம்பி மகன். ஓசூரிலிருந்து வந்திருக்கிறேன். அப்பா உங்களை விசாரித்தார்."

"அப்படியா? தம்பி நன்றாயிருக்கிறானா? காபி சாப்பிட்டாயா?"

"சாப்பிட்டேன், அத்தை."

ஐந்து நிமிடம் கழித்து மூதாட்டி மீண்டும் கேட்கிறார், "காபி சாப்பிட்டாயா?"

"நன்றாயிருந்தது, அத்தை" என்கிறார் அவர்.

மூதாட்டி சமையலறைப் பக்கம் திரும்பி மருமகளை அழைக்கிறார், இன்னொரு டம்ளர் கொண்டுவரச் சொல்லி.